வீட்டு மேசைக்கு ஒரு லேசர் பொறிப்பு இயந்திரம்: தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

லேசர் பொறிப்பு இயந்திரம் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ‘எத்தனை வாட் வாங்கலாம்?’ என்பதுதான். விற்பனைப் பக்கங்களும் அந்த ஓர் எண்ணையே பெரிய எழுத்தில் காட்டுகின்றன. அது தேவையான கேள்விதான். ஆனால் வரிசையில் ஐந்தாவதாக வர வேண்டியது. எந்தப் பொருளின்மேல் வேலை செய்யப்போகிறோம், அது எரியும்போது எழும் புகை வீட்டை விட்டு எந்த வழியாக வெளியேறும் என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் வாங்கிய இயந்திரம், அதன் திறன் எவ்வளவாக இருந்தாலும், சில மாதங்களில் பரணுக்குப் போய்விடும். ஆகவே இங்கே பொருள், லேசர் வகை, இடம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்த்த பின்னரே வாட்டுக்கு வருகிறோம்.

முதல் படி: எதைப் பொறிக்கப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில், முதல் ஆண்டில் உறுதியாகச் செய்யப்போகும் வேலைகளை மட்டும் எழுதுங்கள். மரத்தில் பெயர்ப்பலகை, 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையில் வெட்டு வேலை, திருமண அழைப்பிதழ் அட்டை, தோல் பணப்பை, கொட்டாங்குச்சி, கண்ணாடி போலத் தெளிவான அக்ரிலிக் பிளாஸ்டிக், எவர்சில்வர் பாத்திரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஏனெனில் இவை அனைத்தையும் நன்றாகச் செய்யும் ஒரே லேசர் கிடையாது.

அதே தாளின் மறுபக்கத்தில் லேசரின் கீழ் ஒருபோதும் வைக்கக் கூடாதவற்றையும் எழுதிவிடுங்கள். பி.வி.சி. கலந்த எதுவும் அந்தப் பட்டியலின் தலையில் நிற்க வேண்டும். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படுகிறது. அது நுரையீரலைப் புண்ணாக்குவதோடு, இயந்திரத்தின் எஃகுத் தண்டுகளையும் தாங்கிகளையும் அரித்துத் துருப்பிடிக்கச் செய்கிறது. நம் கடைகளில் தோலைப் போலத் தோற்றம் தரும் ரெக்சின் பலவும், ஃபிளெக்ஸ் பேனர் துணியும், விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் பி.வி.சி. ஃபோம் ஷீட்டும் இந்த வகையே. ஐயமிருந்தால் ஒரு சோதனை உண்டு. காப்பு உரித்த செம்புக் கம்பியின் நுனியைத் திறந்தவெளியில் ஒரு தீச்சுடரில் பழுக்கக் காய்ச்சி, அந்த நுனியால் பிளாஸ்டிக்கின் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருப்பதாகவே கொள்ள வேண்டும். அந்தப் பொருள் வேண்டாம். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் உருகுவதோடு ஹைட்ரஜன் சயனைடு கலந்த புகையைத் தரும். பாலிகார்பனேட் வெட்டுப்படாமல் பழுப்பேறித் தீப்பற்றும்.

தோலிலும் வேறுபாடு உண்டு. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளிலிருந்து வரும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிட்டது. அதை எரிக்கும்போது வரும் புகையும் சாம்பலும் நச்சுத்தன்மை கொண்டவையாகலாம் என்பதால், வீட்டு வேலைக்கு மரப்பட்டைச் சாற்றால் பதனிட்ட தோலைக் கேட்டு வாங்குவதே முறை. பொறிப்பும் அதில்தான் தெளிவாக விழும்.

பிளைவுட் வாங்கும்போது பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள்: விலை அதிகமானது நன்றாக வெட்டுப்படும் என்று எண்ணுகிறார்கள். நடப்பது இதற்கு நேர்மாறு. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, தண்ணீரைத் தாங்கும் கடல்தரப் பிளைவுட்டில் ஃபீனால் சார்ந்த பசை இருப்பதால் லேசர் ஒவ்வோர் அடுக்கிலும் தடுமாறிக் கரியைத்தான் உண்டாக்கும். யூரியா சார்ந்த பசையுள்ள, ஈரப்பதத்தை மட்டும் தாங்கும் சாதாரண எம்.ஆர். தரப் பிளைவுட்டே எளிதாக வெட்டுப்படும். உள்ளடுக்கில் முடிச்சும் நிரப்புப் பசையும் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெட்டு நின்றுவிடும். அதற்கு இயந்திரத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

இரண்டாம் படி: லேசரின் வகையை முடிவு செய்யுங்கள்

வீட்டு மேசையில் வைக்கத்தக்க இயந்திரங்களில் மூன்று வகை லேசர்கள் உள்ளன. அவற்றைப் பிரிப்பது அலைநீளம். டயோடு லேசர் ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைத் தருகிறது. கார்பன் டை ஆக்சைடு லேசர் 10,600 நானோமீட்டரில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தருகிறது. மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய லேசர் இதுவே. ஃபைபர் லேசர் 1,064 நானோமீட்டரில் இயங்குகிறது. இதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொருள் எந்த அலைநீளத்தை உறிஞ்சுகிறதோ அந்த லேசரால்தான் அது சூடேறும். உறிஞ்சாத கதிர் ஊடுருவிப் போகும், அல்லது எதிரொளித்துத் திரும்பும்.

இதன் நடைமுறைப் பொருளை அக்ரிலிக்கில் காணலாம். நிறமற்ற அக்ரிலிக்கின் ஊடாக நீல ஒளி அப்படியே கடந்துபோய்விடுவதால், 40 வாட் டயோடு லேசரால்கூட அதை வெட்ட முடியாது; கறுப்பு அக்ரிலிக்கை அதே இயந்திரம் வெட்டிவிடும். கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு இந்தத் தடை இல்லை. தெளிவான அக்ரிலிக்கை அது மெருகிட்ட ஓரத்தோடு வெட்டும். கண்ணாடிக் குவளையில் நேரடியாகவே வெண்மையான பொறிப்பைத் தரும். டயோடு லேசரால் கண்ணாடியில் பொறிக்க, முதலில் கறுப்புப் பூச்சு பூசி, வேலை முடிந்தபின் கழுவ வேண்டும்.

உலோகத்துக்கு வந்தால் நிலை தலைகீழாகிறது. பூச்சில்லாத பித்தளையும் செம்பும் அலுமினியமும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிரைப் பெரும்பாலும் எதிரொளித்துவிடும். இவற்றுக்கு ஃபைபர் லேசர்தான் வேண்டும். எவர்சில்வரில் மட்டும் 10 வாட்டும் அதற்கு மேலுமுள்ள டயோடு லேசர் மெதுவாக நகர்ந்து கருமையான எழுத்தைத் தரும். ஆனால் அது ஆழமான வெட்டு அன்று, மேற்பரப்பில் உண்டாகும் ஆக்சைடு படலமே. பாத்திரக்கடையில் அதிரும் ஊசியால் வெட்டித் தரும் பெயரைப் போல அது தேய்ப்பைத் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சூடுபட்ட அந்த இடத்தில் எஃகின் துருத் தடுப்புத் தன்மையும் குறைகிறது. நீல டயோடோடு 2 வாட் அளவில் 1,064 நானோமீட்டர் லேசர் தலையும் (கதிரை வெளிவிடும் பகுதி) சேர்ந்து வரும் இரட்டைத் தலை இயந்திரங்கள், சாவிக்கொத்து, நகை போன்ற சிறிய உலோக வேலைகளுக்கு ஒரு நல்ல இடைவழி.

என் கணிப்பில், மரமும் அட்டையும் தோலும் பட்டியலில் முக்கால்பங்கு இருந்தால் டயோடு போதும். தெளிவான அக்ரிலிக் அன்றாட வேலையாக இருந்தால் மட்டுமே கார்பன் டை ஆக்சைடு வகைக்குப் போகலாம். உலோகம் மட்டுமே தொழில் என்பவருக்கு ஃபைபர். அவருக்கு இந்தக் கட்டுரையின் மீதி அவ்வளவாகத் தேவைப்படாது.

கார்பன் டை ஆக்சைடு இயந்திரத்தை நாடுபவர் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டு நாட வேண்டும். முதலாவது, மலிவான இயந்திரங்களில் உள்ள கண்ணாடிக் குழாய் பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டிய மின்னழுத்தத்தில் இயங்குகிறது. வீட்டில் சரியான நிலத்தொடர்பு இல்லாவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. மின்பணியாளரை அழைத்து மூன்று முனைச் செருகியின் எர்த் இணைப்பைச் சோதித்த பிறகே இயந்திரத்தை இயக்க வேண்டும். இரண்டாவது, குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர். அது 30 பாகைக்கு மேல் போனால் குழாயின் திறனும் ஆயுளும் குறையும். சி.டபிள்யூ. 3000 என்ற பெயரில் விற்கப்படும் மலிவான குளிர்விப்பான் வெறும் விசிறியும் ரேடியேட்டரும் கொண்டது; அறையின் வெப்பநிலைக்குக் கீழே தண்ணீரைக் கொண்டுபோக அதனால் முடியாது. சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ மே மாதத்தில் அது பயன்படாது. கம்பிரசர் உள்ள சி.டபிள்யூ. 5000 வகைதான் வேண்டும். அதையும் மிகக் குளிராக வைத்துவிடக் கூடாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் 18 பாகைத் தண்ணீர் ஓடும் குழாயின்மேல் நீர்த்துளிகள் படியும். உயர் மின்னழுத்தம் உள்ள இடத்தில் அது மின்பொறி பாய வழிசெய்துவிடும். குளிரூட்டிய அறையில் வைப்பதே பாதுகாப்பு. குழாய்க்குள் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே செல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கூடாது.

மூன்றாம் படி: புகைக்கு வழி

ஒரு லேசர் வெட்டும் இடத்தில் பொருள் ஆவியாகவும் புகையாகவும் மாறுகிறது. எம்.டி.எஃப். பலகையில் அந்தப் புகையோடு ஃபார்மால்டிஹைடும் வருகிறது. ஆகவே வாங்குவதற்கு முன் இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதை அளவெடுத்து முடிவு செய்யுங்கள். வெளிச்சுவரில் சன்னல் உள்ள அறை சிறந்தது. படுக்கையறையும் சமையலறையும் கூடாது.

சன்னலின் ஒரு கண்ணாடிக்குப் பதிலாக ஒரு பலகையைப் பொருத்தி, அதில் 100 அல்லது 150 மி.மீ. துளையிட்டு, வளைகுழாயை அதன் வழியே வெளியே விடலாம். குழாய் இயன்றவரை குட்டையாகவும் வளைவுகள் குறைவாகவும் இருக்க வேண்டும். விசிறியை இயந்திரத்தின் பக்கம் வைக்காமல் சன்னல் பக்கம் வைப்பது நல்லது. அப்போது குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கத்தில் அமைவதால், எங்கேனும் சிறு பிளவு இருந்தாலும் அறைக்காற்று உள்ளே போகுமே தவிர, புகை வெளியே கசியாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் குழாயின் வாய் பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்க்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். பிறகு வரும் சண்டைக்கு எந்த இயந்திரத்திலும் உத்தரவாதம் இல்லை.

வெளியே விட வழியே இல்லாதவர்களுக்காக, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியும் கரித்தூள் அடுக்கும் கொண்ட புகைச் சுத்திகரிப்பான்கள் உள்ளன. அட்டையிலும் தோலிலும் எப்போதாவது பொறிப்பவருக்கு அவை போதும். எம்.டி.எஃப். வெட்டத் தொடங்கினால் வடிகட்டிகள் விரைவில் அடைத்துக்கொள்ளும். அவற்றை மாற்றும் செலவைத் தொடர்செலவாகக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

நான்காம் படி: மூடிய உடலா, திறந்த சட்டமா?

லேசர் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஐ.இ.சி. 60825-1 தரநெறியின்படி, அரை வாட்டுக்கு மேற்பட்ட தொடர்கதிர் லேசர் ஆபத்து மிகுந்த நான்காம் வகுப்பைச் சேர்ந்தது: நேரடிக் கதிர் மட்டுமன்றி, எங்கோ பட்டுச் சிதறும் ஒளியும் கண்ணைக் கெடுக்கக்கூடும். சந்தையில் சிறியதாகக் கருதப்படும் 5 வாட் டயோடே அந்த எல்லையைப் போல 10 மடங்கு. நீல ஒளியும் 1,064 நானோமீட்டர் கதிரும் விழித்திரைவரை சென்று சுடுகின்றன; பின்னது கண்ணுக்குத் தெரியாததால் இமை தானாக மூடும் பாதுகாப்பும் கிடைக்காது. கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிர் விழியின் வெளிப்படலத்திலேயே உறிஞ்சப்பட்டு அங்கே புண்ணை உண்டாக்கும்.

குழந்தைகளோ பூனை, நாயோ உள்ள வீட்டுக்கு, மூடியைத் திறந்தவுடன் கதிர் நின்றுவிடும் பூட்டுடன் கூடிய, முழுமையாக மூடிய, அதே தரநெறியில் ஆபத்து மிகக் குறைந்த முதல் வகுப்பு இயந்திரம்தான் பொருந்தும். இதில் விலையைப் பார்த்து விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. திறந்த சட்ட இயந்திரத்தை வாங்கித் தனியே உறை போட்டுக்கொள்வதும் நடைமுறையில் உள்ளது. அந்த உறைக்குத் திறப்புப் பூட்டும் புகைக்குழாய்க்கான வாயும் உண்டா என்று பாருங்கள்.

இயந்திரத்தோடு இலவசமாக வரும் பச்சைக் கண்ணாடியை நம்ப வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியில் அது தடுக்கும் அலைநீள எல்லையும், ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் ஓ.டி. எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஓ.டி. எண் ஒன்று கூடும்போது கடந்துவரும் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும், ஓ.டி. 6 என்றால் 10 இலட்சத்தில் ஒரு பங்கு. நீல ஒளிக்கான கண்ணாடி அகச்சிவப்பைத் தடுக்கும் என்று கருதக் கூடாது. இரட்டைத் தலை இயந்திரம் வைத்திருப்பவர் இரண்டு எல்லைகளும் குறிப்பிடப்பட்ட கண்ணாடியை வாங்க வேண்டும்.

தீ பற்றி ஒரே விதிதான்: இயந்திரம் ஓடும்போது அறையை விட்டுப் போகாதீர்கள். தீச்சுடர் உணரி, சாய்ந்தால் நிற்கும் உணரி, அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவை உள்ள இயந்திரத்துக்கு முன்னுரிமை கொடுக்கலாம். ஆனால் அவை ஆள் இருப்பதற்கு ஈடாகா. அருகில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருக்கட்டும். வீடுகளில் பொதுவாக வைக்கும் உலர் பொடி வகை தீயை அணைத்துவிடும், ஆனால் வில்லைகளையும் தண்டுகளையும் சேர்த்துப் பாழாக்கிவிடும்.

ஐந்தாம் படி: இப்போது வாட்

டயோடு இயந்திரங்களின் விளம்பரத்தில் உள்ள எண் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். மின்சாரத்தை உள்வாங்கும் திறனா, ஒளியாக வெளிவிடும் திறனா? பெட்டியின்மேல் 40 வாட் என்று எழுதி, உள்ளே 5 வாட் மட்டுமே ஒளித்திறன் தரும் இயந்திரங்கள் நெடுங்காலமாகவே விற்கப்படுகின்றன. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி மின்வழங்கியின் ஒட்டுச்சீட்டு. 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றிருந்தால் மொத்தமே 60 வாட்தான். நீல டயோடு தான் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கும் குறைவையே ஒளியாக்கும். மோட்டாருக்கும் விசிறிக்கும் பங்கு போக, 40 வாட் ஒளி அதிலிருந்து வர வழியே இல்லை.

ஒரு தனி நீல டயோடு 5, 6 வாட் ஒளியையே தரும். 10 வாட் தலையில் இரண்டும், 20 வாட் தலையில் நான்கும், 40 வாட் தலையில் எட்டும் சேர்க்கப்பட்டுள்ளன. எண்ணிக்கை கூடும்போது அத்தனை கதிர்களையும் ஒரே புள்ளியில் குவிப்பது கடினமாகி, புள்ளி பெரிதாகிறது. அதனால்தான் நுணுக்கமான ஒளிப்படப் பொறிப்பில் 10 வாட் தலை 40 வாட் தலையைவிடத் தெளிவாக வேலை செய்கிறது. பொறிப்பு மட்டும் என்றால் 5 முதல் 10 வாட், 3 மி.மீ. பலகையைத் தொடர்ந்து வெட்டுவதானால் 20 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் பாதித் திறனுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள தலையைத் தேடுங்கள்.

வாட்டைக் கூட்டுவதற்குச் செலவிடும் பணத்தின் ஒரு பகுதியைக் காற்றூதிக்குச் செலவிட்டால் வெட்டு இன்னும் நன்றாக அமையும். கதிர் படும் இடத்தில் ஊதப்படும் காற்று புகையை விலக்கி, சுடரை அணைத்து, ஓரம் கருகுவதைக் குறைக்கிறது; வில்லையும் தூய்மையாக இருக்கும். வெட்டும்போது பலமாகவும், பொறிக்கும்போது மெலிதாகவும் காற்றை மாற்ற முடிய வேண்டும். அடியில் வைக்கும் தேன்கூட்டுத் தட்டையும் உடனே வாங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: சட்டம், பரப்பு, வேகம்

பரப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 400 × 400 மி.மீ. பரப்பு பெரும்பாலான வீட்டு வேலைகளுக்குப் போதும். கே40 என்ற பெயரில் அறியப்படும் மலிவான கார்பன் டை ஆக்சைடு இயந்திரங்களில் பரப்பு 300 × 200 மி.மீ. அளவுதான். தொடக்கப் புள்ளியைத் தானே கண்டறியும் எல்லை உணரிகள் இருந்தால், ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பொறிக்கும்போது அருமை தெரியும். குவளையும் தண்ணீர்ப்புட்டியும் பொறிக்க எண்ணினால் சுழல் இணைப்பைப் பொருத்தும் உயரம் சட்டத்துக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பர வேகத்தைக் கணக்கால் சோதிக்கலாம். 100 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தில் 0.1 மி.மீ. இடைவெளியில் படம் நிரப்ப 1,000 வரிகள் ஓட வேண்டும். மொத்தத் தொலைவு 100 மீட்டர். நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகத்தில் இது 33 நிமிடத்துக்குச் சற்று மேல், 6,000 மி.மீ. என்றால் 17 நிமிடம். நிமிடத்துக்கு 36,000 மி.மீ. என்று விளம்பரத்தில் இருந்தாலும் ஒவ்வொரு வரியின் முனையிலும் தலை வேகம் குறைத்துத் திரும்பும் நேரம் சேரும். அந்த வேகத்தில் மரம் சரியாகக் கருகுவதற்குத் திறனும் போதாது.

ஏழாம் படி: மென்பொருளும் தமிழ் எழுத்தும்

லேசர்ஜிஆர்பிஎல் இலவசமானது, விண்டோஸில் மட்டும் ஓடும். லைட்பர்ன் கட்டண மென்பொருள். ஆனால் உற்பத்தி நிறுவனத்தின் சொந்தச் செயலியை மட்டும் நம்பியிருக்கும் இயந்திரத்தைவிட, லைட்பர்னோடு ஒத்துழைக்கும் இயந்திரமே நீண்ட நாள் உழைக்கும். உற்பத்தி நிறுவனம் தன் செயலியைக் கைவிட்டாலும் இயந்திரம் கைவிடப்படாது. கே40 வாங்குபவர்கள் அதனோடு வழக்கமாக வரும் கட்டுப்பாட்டுப் பலகையில் லைட்பர்ன் ஓடாது என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

தமிழில் பொறிக்கும்போது பாதுகாப்பான வழி, இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகக் கொண்டுபோவது. அப்போது கொம்பும் காலும் இடம் மாறி விழும் தொல்லை இராது. எழுத்துகளை வெட்டியெடுத்துப் பெயர்ப்பலகை செய்பவருக்கு வேறொரு சிக்கல் உண்டு. ‘முருகன்’ என்ற பெயரை வெட்டினால் னகர ஒற்றின் புள்ளி தனித் துண்டாக உதிர்ந்துவிடும். ‘கா’வில் உள்ள துணைக்காலும் அப்படியே. எழுத்துகளை ஓர் அடிக்கோட்டுப் பட்டையோடு இணைத்தோ, பின்பலகையில் ஒட்டுவதற்கான இடங்களை முதலிலேயே மெலிதாகப் பொறித்துக்கொண்டோதான் வேலையைத் திட்டமிட வேண்டும்.

எட்டாம் படி: வாங்குவதும் முதல் வாரச் சோதனையும்

வாங்கும் முன் மூன்று உதிரிபாகங்கள் உள்நாட்டில் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள்: வில்லையைக் காக்கும் சிறு கண்ணாடி, தலையை நகர்த்தும் பட்டை (பெல்ட்), லேசர் தலை. முதலாவது தேய்பொருள், அது கிடைக்காவிட்டால் புதிய இயந்திரமும் முடங்கும். நேரடியாக வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், இயந்திரம் 230 வோல்ட்டுக்கு உரியதா என்பதை ஆர்டரிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 110 வோல்ட்டுக்கான கே40 இயந்திரங்களும் விற்பனையில் உள்ளன. மின்வெட்டு வழக்கமாக உள்ள ஊரில், நடுவில் நின்ற வேலையைப் பெரும்பாலான இயந்திரங்களால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. டயோடு இயந்திரம் குறைவான மின்சாரமே எடுப்பதால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிவிடலாம்.

இயந்திரம் வந்ததும், திருப்பி அனுப்புவதற்கான கெடு முடியும்முன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். 200 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தை அட்டையில் வரைந்து இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் இரண்டும் 282.8 மி.மீ. இருக்க வேண்டும், அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டால் சட்டம் செங்கோணத்தில் இல்லை என்று பொருள், திருகுகளைத் தளர்த்தி மீண்டும் பொருத்த வேண்டும். அடுத்து, ஒரே சிறு வட்டத்தைப் பத்துமுறை தொடர்ந்து ஒரே இடத்தில் வரையச் செய்யுங்கள். கோடு தடித்தால் பட்டை தளர்ந்திருக்கிறது. கடைசியாக, நீங்கள் பட்டியலிட்ட ஒவ்வொரு பொருளிலும் வேகத்தை ஒரு திசையிலும் திறனை மறு திசையிலும் மாற்றிக் கட்டங்களாகப் பொறித்து, அந்தத் துண்டின்மேலேயே எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குழாய் உள்ள இயந்திரமானால் இதற்கெல்லாம் முன்பே, பெட்டியைப் பிரிக்கும்போது காணொளி எடுத்து, மின்சாரம் கொடுக்காமல் குழாயின் இரு முனைகளிலும் விரிசல் உண்டா என்று விளக்கொளியில் பார்த்துவிட வேண்டும். வழியில் உடைந்த குழாய்க்கு ஈடு கேட்கும்போது விற்பனையாளர் முதலில் கேட்பது அந்தக் காணொளியைத்தான்.